கீழ்த்தட்டுத் துணிகள்

இஸ்திரி என்று அவளுக்கு முதலில் பெயர் வைத்தது யார் என்று இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. சட்டைப் பிரிவில் நிற்கிற பட்டன்தான் வைத்தாள் என்று சிலர் சொல்வார்கள். கேட்டால் பட்டன் மறுப்பாள். யார் வைத்தாலும் பொருத்தமான பெயர். எங்கள் துணிக்கடையில் அவள் கை பட்ட சட்டை அப்போதுதான் பெட்டியிலிருந்து எடுத்தது போல இருக்கும். பத்துப் பேர் பிரித்துப் பார்த்த போர்வையை அவள் மடித்து வைத்தாள் என்றால், இதை யாராவது தொட்டார்களா என்றே சந்தேகம் வரும்.

நான் அந்தக் கடையின் டெய்லர். பேன்ட்டின் நீளத்தைக் குறைப்பது, சட்டையின் இடுப்பைப் பிடிப்பது, பிரிந்த தையலைப் போடுவது, இவ்வளவுதான் என் வேலை. உடுத்திப் பார்க்கும் அறைகளுக்குப் பக்கத்தில் என் மெஷின் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் மொத்தத் தளமும் தெரியும். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்தவர்கள் அந்தக் கடையில் கேஷியரும் நானும் மட்டும்தான். மற்றவர்கள் ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நின்றார்கள். "உக்காந்திருக்கிற ஆளைப் பாத்தா, கடையே தூங்குதுன்னு கஸ்டமர் நினைப்பாங்க" என்பார் முதலாளி. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய அப்பா அப்படித்தான் கடை நடத்தினார், அதனால் அவரும் அப்படியே நடத்தினார்.

இஸ்திரிக்கு முன்னால் எங்கள் தளத்துக்கு மேனேஜராக இருந்தவருக்கு ஸ்பீக்கர் என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. வாசலில் நின்று அவர் கத்தினால் பின்பக்க கோடவுனில் இருப்பவன் கையிலிருக்கும் பெட்டியைக் கீழே போடுவான். அவர் இருக்கும்வரை எல்லோரும் ஓடினார்கள். அவர் டீ குடிக்கப் போனால் எல்லோரும் அப்படியே நின்றார்கள். வேறு கடையில் நல்ல வேலை கிடைத்து அவர் போனபோது, முதலாளி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு இஸ்திரியைக் கூப்பிட்டு, "இனிமே தளம் உங்க பொறுப்பும்மா" என்றார்.

அன்று மாலை அவள் என் மெஷின் பக்கம் வந்து நின்றாள். சந்தோஷமா பயமா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"டெய்லர் அண்ணே, நான் யார்கிட்டயும் கத்த மாட்டேன். இது மட்டும் உறுதி."

"நல்லதும்மா. உங்க வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

"கடையையாவது ஒழுங்கா வச்சுக்கோன்னு சொன்னாரு."

அவர் எலெக்ட்ரீஷியன், நக்கல் பேர்வழி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கடையில் நூல் பிடித்தது போல அடுக்குகிறவளின் வீட்டில், அலமாரிக் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது தலைமேல் விழும். நாள் முழுக்க ஊரார் துணியை மடித்தவளுக்கு வீட்டுத் துணியைப் பார்த்தாலே கை ஓய்ந்துபோகும்.

கூட்டம் வருகிற துணிக்கடை எப்படிக் கலையும் என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும். ஒருவர் அடுக்கின் நடுவிலிருந்து ஒரு சட்டையை உருவுவார்; மேலே இருக்கும் எல்லாம் சரியும். இன்னொருவர் பெரிய அளவை எடுத்துப் பார்த்துவிட்டுச் சின்ன அளவின்மேல் வைப்பார். கல்யாணத்துக்கு எடுக்க வந்தவர் கையிலிருந்த துண்டு வேண்டாம் என்று தோன்றியதும் அதைக் குழந்தைகளின் கவுனுக்கு நடுவில் செருகிவிட்டுப் போவார். உடுத்திப் பார்க்கும் அறையில் பேன்ட்டுகள் உள்பக்கம் வெளியே திரும்பியபடி மலைபோலக் கிடக்கும். மதியத்துக்குள் நடுத்தட்டுகள் கலைந்துவிடும், மாலைக்குள் மேல்தட்டும். கீழ்த்தட்டு மட்டும் காலையிலிருந்தே கலைந்துதான் இருக்கும். அதைக் குனிந்து பார்க்க யாருக்கும் மனம் வராது.

இஸ்திரி சொன்னபடியே யாரிடமும் கத்தவில்லை. அதற்குப் பதில் எல்லா வேலையையும் அவளே செய்தாள். யார் எங்கே கலைத்தாலும் பின்னாலேயே போய் மடித்தாள். போர்வைகளை முடித்து நிமிர்வதற்குள் சட்டைப் பக்கம் சரிந்திருக்கும். அங்கே ஓடுவாள். மற்றவர்கள் முதலில் கூச்சத்தோடு பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. யாராவது துணியைப் பிரித்துப் போட்டால், "இருக்கட்டும், இஸ்திரி வரும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஸ்பீக்கர் காலத்தில் பயத்தில் செய்தவர்கள், இவள் காலத்தில் அன்பாகவே செய்யாமல் விட்டார்கள்.

பட்டன் மட்டும் மடித்தாள். அவளும் இஸ்திரியும் ஒரே சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். குள்ளமாக, உருண்டையாக இருப்பாள், வாய் மட்டும் ஊர் நீளம். ஆண்கள் சட்டைப் பிரிவு அவளுடையது. ஒரு சட்டை கேட்டு வந்தவரை மூன்று சட்டையோடு அனுப்புகிற சாமர்த்தியம் அவளுக்கு உண்டு. ஆனால் அவள் மடிக்கிற விதம் வேறு. காலர் வெளியே தெரியும்படி, கொஞ்சம் தளர்வாக மடிப்பாள். இஸ்திரிக்கு அது கண்ணில் தூசி விழுந்தது மாதிரி. பட்டன் மடித்து வைத்துவிட்டு நகர்ந்ததும், இவள் போய் அதைப் பிரித்து மறுபடி மடிப்பாள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

ஒருநாள் ஒரு பெரிய குடும்பம் வந்திருந்தது. பட்டன் அவர்களுக்குச் சட்டை காட்டிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் அவள் அடுக்கி வைத்ததை இஸ்திரி எடுத்துத் திரும்ப மடிக்க ஆரம்பித்தாள். குடும்பத்தில் ஒரு பெண், "இவங்க புதுசா? இன்னும் மடிக்கக் கத்துக்கலையா?" என்று பட்டனைக் காட்டிக் கேட்டுவிட்டாள். பட்டன் சிரித்துக்கொண்டேதான் பில் போட அனுப்பினாள். குடும்பம் வாசலைத் தாண்டியதும் இஸ்திரியின் கையைப் பிடித்து என் மெஷினுக்குப் பின்னால் இழுத்து வந்தாள்.

"ஏன்டி, எத்தனை வருஷமா நான் இந்தச் சட்டையை மடிக்கிறேன்?"

"நான் உன்ன ஒண்ணும் சொல்லலையே."

"சொல்லித் தொலைச்சிருந்தா பரவாயில்ல. ஸ்பீக்கர் கத்துவாரு, நானும் மனசுக்குள்ள நாலு வார்த்தை திட்டுவேன், அதோட சரியாப் போயிடும். நீ ஒரு வார்த்தை பேசாம என் வேலையை அழிச்சு எழுதுற. உன்கிட்ட நான் எப்படிச் சண்டை போடுறது?"

பட்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனாள். அன்றிலிருந்து இருவரும் மதியச் சாப்பாட்டை வேறு வேறு நேரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். எதிர்ப்பக்கத்துக் கடையில் ஆள் எடுக்கிறார்களா என்று பட்டன் விசாரித்ததாகவும் காதில் விழுந்தது. பேன்ட் பிரிவில் இருந்த ஒரு பெண் விசாரித்ததோடு நிற்காமல் போயே போய்விட்டாள்.

ஆள் குறைந்தால் வேலை குறையுமா? இஸ்திரி இன்னும் ஓடினாள். சாயங்காலம் ஆனால் அவள் தூணில் ஒரு கையை ஊன்றி, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பாள். நான் கேட்டால், "ஒண்ணுமில்ல அண்ணே, நின்னு பழகின கால்தானே" என்பாள். ஒருநாள் செருப்பைக் கழற்றினவளால் திரும்ப மாட்ட முடியவில்லை. கணுக்கால் பன் மாதிரி வீங்கியிருந்தது. கெண்டைக்கால் நரம்பு சுருண்டு, நீலமாகப் புடைத்து நின்றது. டாக்டர் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் படுத்தே இருக்கணும், காலை உயரத் தூக்கி வைக்கணும், இனிமேல் நாள் முழுக்க நிற்கிற பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார்.

முதலாளி வேறு வழியில்லாமல் பட்டனைக் கூப்பிட்டு, "அவங்க வர்ற வரைக்கும் நீ பாத்துக்கோ" என்றார்.

வீட்டில் இஸ்திரி தலையணைமேல் காலை வைத்துப் படுத்திருந்த நாட்களைப் பற்றி அவள் கணவர் பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார். அவர்தான் சமைத்தார், துவைத்தார், துவைத்ததை அப்படியே சுருட்டி அலமாரியில் திணித்தார். அவள் படுத்த இடத்திலிருந்தே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுந்து வந்து மடிச்சீனா அடுத்த வேளை சமையல் உன்னுது" என்று அவர் மிரட்டி வைத்திருந்தார். அவளுடைய கவலை அலமாரி இல்லை. கடை இந்நேரம் குப்பைமேடாகியிருக்கும் என்று தூக்கத்திலும் புலம்பினாளாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பட்டன் வந்ததையும் அவர்தான் சொன்னார். பட்டன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பார்த்தாள். இஸ்திரிதான் முதலில் கேட்டாள்.

"கடை எப்படி இருக்கு?"

"உண்மையைச் சொல்லவா, உனக்குப் பிடிச்ச மாதிரி சொல்லவா?"

"உண்மையச் சொல்லு."

"நல்லா இருக்கு."

இஸ்திரி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பட்டன் அவள் தோளைத் தட்டினாள்.

"பாத்தியா, நல்லா இருக்குன்னா உனக்கு அழுகை வருது. அவங்கவங்க இடத்தை அவங்கவங்களே பாத்துக்கட்டும்னு விட்டுட்டேன், அவ்வளவுதான். எனக்கு உன்ன மாதிரி மடிக்கவும் வராது, ஓடவும் முடியாது. வேற என்ன பண்ணுவேன், சொல்லு."

"உன் சட்டையை நான் மடிச்சது தப்புதான்."

"தப்புதான்." பட்டன் எழுந்தாள். "ஆனா நீ இல்லாம சாப்பிட உக்காந்தா சோறு இறங்கலடி. சீக்கிரம் வா."

அவள் திரும்பி வந்த காலையில் நான் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். காலில் இறுக்கமான நீள சாக்ஸ் போட்டுக்கொண்டு மெதுவாக உள்ளே வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். கடை அவள் பயந்தது போலக் குப்பைமேடாக இல்லை. அவள் மடித்தது போலக் கத்தி முனையாகவும் இல்லை. ஆனால் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. குழந்தைகள் பிரிவில் அவள் நிறம் பார்த்து அடுக்கி வைத்திருந்ததை எல்லாம் யாரோ மாற்றியிருந்தார்கள்.

"இது யார் வேலை?"

மௌனசாமி ஓரமாக நின்று கையைப் பிசைந்தார். குழந்தைகள் பிரிவில் நிற்கிறவர். பேசவே மாட்டார், அதனால் அந்தப் பெயர். பட்டன்தான் அவருக்காகப் பேசினாள். "வர்ற அம்மா அப்பா யாரும் சிவப்பு இருக்கா, நீலம் இருக்கான்னு கேக்கறதில்லையாம். மூணு வயசுக்கு என்ன இருக்குன்னுதான் கேக்கறாங்களாம். அதனால வயசு பாத்து அடுக்கிட்டாரு. இத்தனை வருஷமா ஏன் சொல்லலைன்னு கேட்டேன். யாரும் கேக்கலையாம்."

இஸ்திரி அந்த அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்க அவ்வளவு அழகாக இல்லை. ஒரே அடுக்கில் பச்சையும் ஊதாவும் அடித்துக்கொண்டன. அவள் கை ஒரு கவுன் வரை நீண்டு, திரும்பி வந்தது.

"நல்ல யோசனை அண்ணா," என்றாள்.

மௌனசாமி தலையாட்டினார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய பேச்சு.

ஒன்று மட்டும் மாறவில்லை. கீழ்த்தட்டுகள் அப்படியேதான் கிடந்தன. முன்பெல்லாம் அவள் மட்டும் அவ்வப்போது குனிந்து அதை மேலாகச் சரி செய்வாள். இப்போது குனிந்தால் கால் விண்விண் என்று தெறித்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம், அவள் என்னிடம் வந்தாள். நான் கால் வைத்துக்கொள்ள ஒரு குட்டை ஸ்டூல் வைத்திருந்தேன்.

"அண்ணே, இதைக் கொஞ்சம் எடுத்துக்கவா?"

போர்வைத் தட்டுக்கு முன்னால் அதைப் போட்டு உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து என்னென்னவோ வந்தது. ஒற்றைச் செருப்பு, குழந்தையின் கிலுகிலுப்பை, நாங்கள் விற்பதையே நிறுத்திவிட்ட ரகத்தில் இரண்டு தலையணை உறை. சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் முதலாளியின் அறையைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது கதவு திறந்தது.

"என்னம்மா, உக்காந்துட்டீங்க? முடியலைன்னா இன்னும் ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க."

"முடியுது சார். கீழ்த்தட்டு மடிக்கிறேன்."

"கஸ்டமர் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"கை மடிச்சுக்கிட்டுத்தானே சார் இருக்கு. வேலை நடக்குதுன்னு நினைப்பாங்க." மடிப்பதை நிறுத்தாமலே தொடர்ந்தாள். "மேல்தட்டுக்கு ஏணி வாங்கிக் குடுத்திருக்கீங்க சார். எட்டாதுன்னு உங்களுக்கே தெரியுது. கீழ்த்தட்டும் அதே மாதிரிதான் எங்களுக்கு எட்டல. காலையிலருந்து நின்ன காலுக்கு மூணு மணிக்கு மேல குனிய முடியாது. யாரும் சோம்பேறி இல்ல சார். நானே படுத்த பிறகுதான் எனக்கே இது புரிஞ்சுது."

முதலாளி அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எழுந்திருங்க" என்றார். இஸ்திரி எழுந்தாள். கதை முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் தன் பேன்ட்டை முழங்கால் பக்கம் கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டு அந்த ஸ்டூலில் தானே உட்கார்ந்தார். கனமான மனிதர். ஸ்டூல் முனகியது.

உட்கார்ந்தவர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தார். கை நீட்டித் தட்டின் அடியில் தடவி, விரலில் ஒட்டிய தூசியைப் பார்த்தார். அந்த உயரத்தில் கடையில் எதுவும் அழகாக இல்லை. தொங்குகிற நூல், கசங்கிய ஓரம், சாயம் போன விலைச்சீட்டு.

"கீழருந்து பாத்தா என் கடை இப்படியா இருக்கு?"

அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மௌனசாமியும் நானும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கினோம். எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், "ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு ஸ்டூல் வாங்கிப் போடுங்க. ஆனா கஸ்டமர் பக்கத்துல வந்தா எந்திரிக்கணும்."

"எந்திரிப்பாங்க சார்," என்றாள் பட்டன். "நீங்க எந்திரிச்சதை விடச் சீக்கிரமாவே எந்திரிப்பாங்க."

முதலாளி அவளை முறைத்தார். முறைத்துக்கொண்டே இருக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஸ்டூல்கள் வந்தன. அதனால் கடை ஒரே நாளில் சொர்க்கமாகிவிடவில்லை. ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்த்தாள். இஸ்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டியிருந்தது. இரண்டு பேர் ஒரே ஸ்டூலுக்குச் சண்டை போட்டார்கள். ஆனால் மதியத்துக்குப் பிறகு முகங்கள் தொங்குவது குறைந்தது. கீழ்த்தட்டில் கிடந்த துணிகள் விற்க ஆரம்பித்தன. வாங்குகிறவர்களும் குனிந்து பார்த்தார்கள், ஏனென்றால் அங்கே பார்க்கும்படி ஏதோ இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை வரும் தள்ளுபடி விற்பனை அடுத்த மாதம் வந்தது. அன்று ஷட்டர் பாதி ஏறும்போதே கூட்டம் குனிந்து உள்ளே நுழைந்துவிடும். காலையில் இஸ்திரி எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாள், "இன்னைக்கு நான் எதையும் மடிக்கப் போறதில்ல. யாருக்கு ஆள் வேணும், யாருக்குத் தண்ணி வேணும்னு பாக்கறதுதான் என் வேலை. நான் மடிக்கிறதைப் பாத்தீங்கன்னா கையிலருந்து பிடுங்கிடுங்க."

அவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். தளத்தின் நடுவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். முன்னால் சட்டைகள் அலை அலையாகக் கலைந்தன. பின்னால் ஒரு கை இன்னொரு கையை இறுக்கிப் பிடித்திருந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது. களைத்தவளைச் சாப்பிட அனுப்பினாள், அந்த இடத்துக்கு வேறு ஆளை அனுப்பினாள், உடுத்திப் பார்க்கும் அறையில் குவிந்ததை அள்ளிப் பிரித்துக் கொடுக்க ஒருத்தியை நிறுத்தினாள்.

மதியம் தாண்டி, துண்டுகளுக்காகத் தற்காலிகமாக நிறுத்தியிருந்த இரும்பு ரேக் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. முதலில் பார்த்தது மௌனசாமி.

"நகருங்க!"

அப்படி ஒரு குரல் அந்த மனிதருக்குள் இருந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஸ்பீக்கரே தோற்றிருப்பார். ரேக்குக்கு முன்னால் நின்றவர்கள் துள்ளி விலகினார்கள். அவரும் பட்டனும் ஓடிப்போய் ரேக்கைத் தாங்கிப் பிடித்துச் சுவரில் சாய்த்தார்கள். யாருக்கும் அடி படவில்லை. துண்டுகள் மட்டும் தரை முழுக்கக் கொட்டிக் கிடந்தன.

இஸ்திரி இரண்டு அடி முன்னால் வைத்தாள். நின்றாள். பட்டனைப் பார்த்து, "நீ சொல்லு, என்ன பண்ணலாம்?" என்றாள்.

பட்டன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மடிக்க வேணாம். ரெண்டு மேசையை ஒட்டிப் போட்டு, அப்படியே குவிச்சிடலாம்." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "வாங்க, வாங்க, இது விழுந்த துண்டு இல்ல, எல்லாரும் விழுந்தடிச்சு வாங்குற துண்டு" என்று குரல் கொடுத்தாள்.

சிரித்துக்கொண்டே சூழ்ந்தார்கள். குவியல் கரைந்தது. அன்று மடிப்பே இல்லாமல் விற்ற துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்த இஸ்திரி, என் பக்கம் திரும்பி, "அண்ணே, எனக்கு நெஞ்சு வலிக்குது" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

அந்த விற்பனைக்குப் பிறகு முதலாளி மாடித் தளத்தையும் திறப்பது என்று முடிவு செய்தார். அதற்கு யாரைப் போடலாம் என்று இஸ்திரியைக் கேட்டார். அவள் பட்டன் பெயரைச் சொன்னாள். பட்டன்தான் தயங்கினாள்.

"நான் வாயாடி. கத்துவேன்டி."

"கத்து. ஆனா கத்தினதுக்கு அப்புறம் அவங்க பேசுறதையும் கேளு. உனக்கு அது வரும், எனக்குத்தான் வர லேட்டாச்சு."

பட்டன் மாடிக்குப் போய்விட்டாள். மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் கீழே இறங்கி வருவாள். எதிர்க்கடைக்குப் போன பேன்ட் பிரிவுப் பெண் திரும்பி வரவில்லை. அங்கே அவளுக்குச் சம்பளம் நன்றாக இருக்கிறதாம், நல்லது. இஸ்திரியின் கால் முழுவதும் சரியாகவில்லை. அந்த நீள சாக்ஸ் இல்லாமல் அவளால் இருக்க முடியாது. ஆனால் சாயங்காலம் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை.

நேற்று நல்ல மழை. வருகிறவர்கள் குடையை மடக்கி வாசலில் சாய்த்து வைக்க, தண்ணீர் வழிந்து போர்வைப் பிரிவு வரை வந்துவிட்டது. இஸ்திரி துடைப்பத்தை எடுக்கப் போனாள். பாதி வழியில் திரும்பி, வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் போனாள்.

"அண்ணா, இங்க நீங்கதான் நாள் பூரா நிக்கிறீங்க. இதுக்கு என்ன பண்ணலாம், சொல்லுங்க."

வாட்ச்மேன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "அதோ, கோடவுன்ல அந்தப் பெரிய பிளாஸ்டிக் டப்பா சும்மாதானே கிடக்குது, குடையை எல்லாம் அதுல வைக்கச் சொன்னா..." என்று ஆரம்பித்தார். இஸ்திரி இரண்டு ஸ்டூல்களை இழுத்துப் போட்டு, அவரையும் உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.